முயல் தொல்லைக்கு முதல் ரைஃபிள்: எது வாங்கலாம், லைசென்ஸ் எப்படி? (நார்ஃபோக், இங்கிலாந்து)

கீரைத்தோட்டம்

வணக்கம். லண்டன் ஈஸ்ட் ஹாம் வாசத்தை முடித்துக்கொண்டு தெட்ஃபோர்டு பக்கம் ஒரு கிராமத்துக்கு வந்துவிட்டோம். வீட்டை ஒட்டி ஆறு ஏக்கர். ஆப்பிளும் பிளம்ஸும் வைத்தேன். போன குளிரில் முயல்கள் வந்து அடித்தண்டுப் பட்டையைச் சுற்றிவர உரித்துத் தின்றுவிட்டன, பாதிக் கன்று போச்சு. பக்கத்துப் பண்ணைக்காரருக்கும் இதே பாடு. பார்லி முளைத்து வரும்போதே வேலியோரம் முழுக்க மொட்டை. "நீ சுடுவதாக இருந்தால் என் நிலத்திலும் சுட்டுக்கொள்" என்கிறார்.

நான் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. இங்கே ஒரு கடையில் பழைய ரூகர் 10/22 (.22 ரைஃபிள்) ஒன்று இருக்கிறது, விலையும் பரவாயில்லை. அட்வான்ஸ் கொடுத்துவிட்டு லைசென்ஸுக்குப் போடலாமா? ".17 அங்குலக் குழல் வாங்குங்கள், இப்போது எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள்" என்று கடைக்காரர் வேறு சொல்கிறார். அனுபவப்பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

மேட்டுக்காட்டான்

அட்வான்ஸ் கொடுக்காதே தம்பி. இந்த நாட்டில் துப்பாக்கியை முடிவு செய்துவிட்டு லைசென்ஸ் கேட்பது தலைகீழ் வழி. முதலில் நிலம், அப்புறம் காரணம், அப்புறம் லைசென்ஸ், கடைசியில்தான் கடை.

1968-ஆம் வருடத்துத் துப்பாக்கிச் சட்டத்தின் முதல் பிரிவின்படி ரைஃபிள் வைத்திருக்க ஃபயர்ஆர்ம் சர்டிபிகேட் வேண்டும். அதைக் கொடுப்பது உன் மாவட்டப் போலீஸ். அதில் "இன்னாருக்கு .22 ரிம்ஃபயர் ஒன்று வாங்க அனுமதி" என்று அளவு போட்டு எழுதியிருக்கும். ரிம்ஃபயர் என்றால் அடி விளிம்பில் தட்டி வெடிக்கிற சின்னத் தோட்டா. அந்த அளவு, அந்த எண்ணிக்கை, அவ்வளவுதான். எத்தனை தோட்டா வாங்கலாம், ஒரே சமயத்தில் எத்தனை வைத்திருக்கலாம் என்பதும் அதிலேயே இருக்கும். ஷாட்கன்னுக்கு வேறு சர்டிபிகேட், அதை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

ஒவ்வொரு ரைஃபிளுக்கும் தக்க காரணம் கேட்பார்கள். உன்னிடம் நல்ல காரணம் இருக்கிறது: பயிரைத் தின்னும் முயல், சுட நிலம். பண்ணைக்காரரிடம் வாய்ச்சொல் போதாது. எந்த வயல், எந்தப் பிராணி, எவ்வளவு காலம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கு. முடிந்தால் வரைபடமும் வை. போலீசுக்குச் சந்தேகம் இருந்தால் நிலத்தை வந்து பார்ப்பார்கள். அங்கே அந்த அளவுத் தோட்டாவைச் சுடுவது பாதுகாப்பா என்பதுதான் அவர்கள் பார்க்கும் முதல் விஷயம்.

புதியவர்களுக்குப் பெரும்பாலும் "போலீஸ் ஒப்புக்கொண்ட நிலத்தில் மட்டும்" என்ற நிபந்தனையோடு தருவார்கள். சில வருடம் ஒழுங்காக இருந்தால் அதை எடுத்துவிட்டு, எந்த நிலத்தில் சுடுவது என்பதை உன் பொறுப்பில் விடுவார்கள்.

நடுநிசி நரி

இவ்வளவு தொல்லை எதற்கு? 12 அடி-பவுண்டு விசைக்குள் இருக்கிற ஏர் ரைஃபிளுக்கு (காற்றழுத்தத்தில் சுடுவது) இங்கிலாந்தில் லைசென்ஸே வேண்டாம். 18 வயது ஆகியிருந்தால் நேரே கடையில் வாங்கலாம். முப்பது கஜத்துக்குள் தலையில் பட்டால் முயல் இருந்த இடத்திலேயே சாயும். நான் இன்று வரை அதைத்தான் வைத்திருக்கிறேன்.

ஸ்காட்லாந்தில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஓடாதீர்கள். அங்கே 2016 கடைசியிலிருந்து ஏர் ரைஃபிளுக்கும் சர்டிபிகேட் வேண்டும்.

மேட்டுக்காட்டான்

நரி சொல்வது சரிதான். உன் ஆப்பிள் தோட்டத்துக்கு ஏர் ரைஃபிளே போதும், லைசென்ஸ் வருகிற வரை கை பழகவும் ஆகும். ஆனால் பார்லி வயலில் முயல் முப்பது கஜத்தில் வந்து உட்காராது. வேலியோரமாகத் தவழ்ந்து போய் முப்பதுக்குள் வருவதற்குள் ஒன்று பின்னங்காலால் தரையைத் தட்டும், மொத்தக் கூட்டமும் குழிக்குள் போய்விடும்.

வெட்டுக்கிளி

ஒரு மாற்றுக் கருத்து. சுட்டு முயலை ஒழித்தவர் யாரும் இல்லை. 1953-இல் கென்ட்டில் மிக்சோமட்டோசிஸ் நோய் வந்து நாடு முழுக்கப் பெரும்பாலான முயல்கள் செத்தன, அதிலிருந்தே மீண்டுவிட்டன. ஆறு ஏக்கருக்கு வேலி போடுங்கள். 31 மில்லிமீட்டர் கண் உள்ள கம்பி வலை, தரைக்கு மேல் 90 சென்டிமீட்டர், அடியில் 15 சென்டிமீட்டரை வெளிப்பக்கமாக மடித்துப் புல்லுக்குள் பதித்துவிட வேண்டும். முயல் வேலியின் அடியில்தான் தோண்டும், ஒரு சாண் தள்ளித் தோண்ட அதற்குத் தோன்றாது. கன்றுகளுக்குச் சுருள் காப்பு 60 சென்டிமீட்டர் போதும்.

இன்னொன்று. பிரெக்லண்டில் (உங்கள் தெட்ஃபோர்டைச் சுற்றிய மணல் நிலப் பகுதி) முயல் குறைந்துபோனதே என்று இயற்கை ஆர்வலர்கள் கவலைப்படுகிறார்கள். முயல் மேய்ந்து மண் தெரிகிற இடத்தில்தான் அங்குள்ள அபூர்வச் செடிகள் முளைக்கும். முயலின் சொந்த ஊரான ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் அது அழியும் ஆபத்தில் உள்ள இனமாகவே பட்டியலில் இருக்கிறது. நீங்கள் துப்பாக்கி தூக்குவதற்கு முன் இதையும் யோசியுங்கள்.

கீரைத்தோட்டம்

கன்றுகளுக்குச் சுருள் காப்பு போட்டாயிற்று அண்ணா. வேலியும் என் பக்கம் போடுவேன். பார்லி வயலைச் சுற்றி வேலி போட அவருக்குக் கட்டாது. பிரெக்லண்ட் விஷயம் எனக்குத் தெரியாது, நல்ல தகவல்.

மேட்டுக்காட்டான்

வெட்டுக்கிளி வேலியைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. வேலி, ஃபெரட் (கீரி போல மெலிந்த வளர்ப்புப் பிராணி) குழிக்குள் விட்டு வலையில் பிடிப்பது, சுடுவது, மூன்றும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். சுடுவதானால் குளிர்காலத்தில் சுட வேண்டும். அப்போதுதான் எண்ணிக்கை குறைவாக இருக்கும், குட்டி போடத் தொடங்குவதற்கு முன் கை வைத்தால் பலன் தெரியும். ஜூலையில் நாலு குட்டி முயலைச் சுட்டுவிட்டுப் பெருமைப்படுவதில் ஒன்றுமில்லை.

ஆனால் சட்டத்தையும் பாருங்கள். 1954-ஆம் வருடப் பெஸ்ட்ஸ் ஆக்ட் (பயிருக்குத் தொல்லை தரும் பிராணிகள் சட்டம்) படி இங்கிலாந்து, வேல்ஸ் ஏறக்குறைய முழுதும் முயல் ஒழிப்புப் பகுதி. தன் நிலத்து முயலைக் கட்டுப்படுத்துவது நிலத்தை அனுபவிப்பவரின் கடமை. அடுத்தவர் வயலுக்குச் சேதம் வந்தால் அவர் பதில் சொல்ல வேண்டும். 1880-இலேயே குத்தகைக்காரருக்கும் முயலைக் கொல்லும் உரிமையைச் சட்டம் கொடுத்துவிட்டது. அதற்கு முன் ஜமீன்தாரின் முயல் குடியானவன் பயிரைத் தின்னும், இவன் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

ஊர்க்குருவி

கோபிசெட்டிபாளையத்திலிருந்து படிக்கிறேன். எங்கள் பக்கம் முயலுக்குக் கண்ணி வைத்தால் வனத்துறை பிடித்து வழக்குப் போடுகிறது. அங்கே கொல்லாவிட்டால் குற்றமா? நல்ல கூத்து.

மேட்டுக்காட்டான்

நம்ம ஊர் என்றால் நானும் அந்தப் பக்கம்தான். இரண்டும் வேறு வேறு பிராணி. நம் காட்டுமுயல் குழி தோண்டாது, புதரடியில் ஒண்டிக் கிடக்கும், கூட்டமாக வாழாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வேட்டையாடக் கூடாது. அங்கே யாரும் இதைப் படித்துவிட்டுக் கிளம்ப வேண்டாம். இங்குள்ளது நார்மன்கள் இறைச்சிக்கும் தோலுக்கும் கொண்டுவந்து வளர்த்தது. தெட்ஃபோர்டில் முயல் பண்ணைக் காவலனுக்குக் கட்டிய கல்வீடு இன்றும் நிற்கிறது, கீரைத்தோட்டம் ஒரு நடை போய்ப் பார்க்கலாம்.

இங்கேயும் பெரிய முயல் (ஹேர்) உண்டு, அது வேறு இனம். காது நீளம், நுனி கறுப்பு, கால் நீளம். பார்லிக்குள் குத்தவைத்திருந்தால் புதியவனுக்கு வித்தியாசம் தெரியாது. பண்ணைக்காரர் எழுதித் தரும் கடிதத்தில் முயல் மட்டும் இருந்தால் அதைத் தொடாதே.

கீரைத்தோட்டம்

சரி அண்ணா. அப்போது எந்த ரைஃபிள்? .22-ஆ .17-ஆ?

மேட்டுக்காட்டான்

இதற்குத்தான் நிலம் முதலில் என்றேன். உன் ஊர் சப்பைத் தரை. மலையில்லை, மேடில்லை. சுட்ட தோட்டா எங்கே போய் நிற்கும்? .22 டப்பியிலேயே "ஒன்றரை மைல் வரை ஆபத்து" என்று அச்சடித்திருப்பான். முயலுக்குப் பின்னால் மண் தெரிந்தால்தான் விசையில் விரல் வைக்கலாம். வேலிச்செடி மண் இல்லை. வானம் தெரிந்தால் சுடவே கூடாது.

பிரெக்லண்டில் இன்னொரு தலைவலியும் உண்டு. மேலே மணல், உள்ளே முழுக்கச் சிக்கிமுக்கிக் கல். .22 சப்சானிக் தோட்டா ஒலியைவிட மெதுவாகப் போகும் ஈயம், வினாடிக்கு 1,050 அடி சுமார். கல்லில் சாய்வாகப் பட்டால் உடையாமல் எகிறிக் "கீய்ங்" என்று பாடிக்கொண்டு போகும். அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டவன் மறக்க மாட்டான். .17 எச்எம்ஆர் 2002-இல் வந்தது. 17 கிரெயின் (ஒரு கிராம் சொச்சம்) எடையுள்ள குட்டித் தோட்டா, வினாடிக்கு 2,550 அடி, எதில் பட்டாலும் பெரும்பாலும் சிதறிவிடும். எகிறும் ஆபத்து குறைவு, நூறு கஜத்துக்கு மேலும் நேராகப் போகும். உங்கள் கடைக்காரர் சொன்னதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

ஆனால் .17 ஒலியை மீறிப் போவதால் மாடரேட்டர் (குழல் நுனியில் பூட்டும் சத்தக் குறைப்பான்) போட்டாலும் சாட்டை சொடுக்கியது போல வெடிக்கும். முதல் வெடிக்கே மற்ற முயல்கள் குழிக்குள். பக்கத்தில் குதிரை வைத்திருப்பவர் இருந்தால் அன்றைக்கே சண்டை. தோட்டா விலையும் அதிகம், அதனால் பயிற்சிக்குச் சுடக் கை வராது. காற்றடித்தால் ஒதுங்கும். சப்சானிக் .22-இல் மாடரேட்டரோடு சுட்டால் தோட்டா முயலில் படுகிற "தப்" சத்தம்தான் கேட்கும். இரண்டு கஜம் தள்ளி மேயும் முயல் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயும்.

என் முடிவு: முதல் ரைஃபிள் .22 எல்ஆர் (வழக்கமான .22 தோட்டா), போல்ட் வகை, அதாவது ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் போல்டை இழுத்துத் தள்ளுவது. கல் எகிறும் பிரச்சினைக்கு ஒரு வழி, உயரத்திலிருந்து சுடுவது. டிராக்டர் டிரெய்லர் மேலிருந்தோ, மரத்தில் சாய்த்த இருக்கையிலிருந்தோ சுட்டால் தோட்டா கீழ்நோக்கி மண்ணில் இறங்கும். சப்பை நிலத்துக்காரர்களுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. போலீஸ் அதிகாரி வரும்போது இதை நீயாகவே சொன்னால் அவருக்குப் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

வன்னியான்

ரூகர் 10/22 என்னட்ட இருக்கு. 1964-இல இருந்து வாற சாமான், உதிரிப்பாகம் எங்கயும் கிடைக்கும். நல்ல துவக்குதான். ஆனா தம்பி, முதல் துவக்கா எடுக்காதையும். விசையை அமத்த அமத்தச் சுடும். முதல் தோட்டா தவறினா ரெண்டாவதைக் குறி பாக்காமலே விடுவியள், எல்லாரும் விடுவினம். போல்டை இழுத்துத் தள்ளுற அந்த நேரம் மூளை வேலை செய்யும்.

சிஇசட் 452 பழசு ஒண்டு தேடிப் பாரும். செக் நாட்டுச் சாமான், உறுதி. புதுசு வேணுமெண்டா 457, இல்லாட்டி ஃபின்லாந்து டிக்கா டி1எக்ஸ். வாங்கேக்க குழல் நுனியில மரை வெட்டியிருக்கோ எண்டு பாரும். அரை அங்குல யுஎன்எஃப் எண்ட அளவு மரை இருந்தாத்தான் மாடரேட்டர் பூட்டலாம். மாடரேட்டரையும் விண்ணப்பத்தில சேர்த்துக் கேளும். அதுக்கான விதியைத் தளர்த்தப் போறதா அரசாங்கம் சொன்னது, நீர் போடுற நேரம் என்ன நிலைமை எண்டு போலீசிட்டயே கேட்டு எழுதும்.

மேட்டுக்காட்டான்

வன்னியான் அண்ணன் சொன்னதோடு ஒன்று. ரைஃபிளில் மிச்சம் பிடித்து ஸ்கோப்பில் போடு. பெரிய ரைஃபிளுக்கான ஸ்கோப்பில் பாரலாக்ஸ் (கண் நகர்ந்தாலும் குறி நகராத தூரம்) நூறு கஜத்துக்கு வைத்திருக்கும். ரிம்ஃபயருக்கென்று ஐம்பது கஜத்துக்கு வைத்தது வேண்டும். இல்லாவிட்டால் கண் கொஞ்சம் நகர்ந்தாலே குறுக்குக்கம்பியும் நகரும். ஐம்பது கஜத்தில் ஸீரோ வை, அதாவது அந்தத் தூரத்தில் குறி வைத்த இடத்திலேயே தோட்டா படும்படி ஸ்கோப்பைத் திருத்து. நூறில் ஆறேழு அங்குலம் கீழே விழும், ஆகவே எழுபதைத் தாண்டி முயலை நினைக்காதே. தோட்டா மூன்று நான்கு கம்பெனி வாங்கிச் சுட்டுப் பார், ஒவ்வொரு குழலுக்கும் ஒன்றுதான் ஒத்துவரும். காகிதத்தில் ஐம்பது கஜத்தில் ஒரு அங்குல வட்டத்துக்குள் தொடர்ந்து போடுகிற வரை உயிர் மேல் குறி வைக்காதே.

கீரைத்தோட்டம்

நன்றி அண்ணன்மாரே. இப்போது விண்ணப்பம். படிவம் 201 இறக்கி வைத்திருக்கிறேன். ஜிபியிடம் (குடும்ப டாக்டர்) போகணுமாமே? இரண்டு வருடம் முன்னால் வேலை போனபோது சில மாதம் மன அழுத்த மாத்திரை சாப்பிட்டேன். அதனால் மறுத்துவிடுவார்களா? எழுதாமல் விட்டால்?

டாக்டர் மாமி

எழுதாமல் விடாதே. நான் ஜிபியாக இந்தப் படிவங்களை நிரப்புகிறவள். 2021-இல் பிளிமத்தில் லைசென்ஸ் வைத்திருந்த ஒருவன் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு, டாக்டர் தகவல் இல்லாமல் சர்டிபிகேட் தருவதில்லை என்று அந்த வருடம் நவம்பரிலிருந்து ஆகிவிட்டது. மன அழுத்தம், பதற்றம், தற்கொலை எண்ணம், குடி, போதை, மறதி நோய், நரம்பு நோய் எல்லாம் கேட்பார்கள். உன் கோப்பில் இருப்பதை நாங்கள் எழுதுவோம். நீ எழுதாதது நாங்கள் எழுதியதில் இருந்தால், அங்கேதான் விண்ணப்பம் விழும். மாத்திரை சாப்பிட்டதற்காக மட்டும் மறுப்பதில்லை. தெரிந்தே பொய் எழுதுவது தனிக் குற்றம்.

டாக்டர் கட்டணம் உன் செலவு. சில கிளினிக்கில் இதைச் செய்ய மாட்டோம் என்பார்கள், அப்போது இதற்கென்றே இருக்கும் தனியார் டாக்டர்களிடம் கோப்பைக் கொடுத்து வாங்கலாம். லைசென்ஸ் வந்ததும் உன் மருத்துவக் கோப்பில் ஒரு குறி விழும். பிற்பாடு மனநிலை சரியில்லை என்று வந்தால் நாங்கள் போலீசுக்குச் சொல்ல முடியும். அதற்குப் பயந்து டாக்டரிடம் வராமல் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அதுதான் எனக்குப் பெரிய பயம்.

வன்னியான்

டாக்டர், பொதுவா ஒரு கேள்வி. எங்கட ஆக்கள் பலர் சண்டைக் காலத்தில ஊரில தடுப்பில இருந்தவை. வழக்கும் இல்ல, தீர்ப்பும் இல்ல. இஞ்ச வந்து அதுக்கு வைத்தியம் எடுத்தவையும் இருக்கினம். அப்பிடியான ஆள் இதுக்குப் போடலாமோ?

டாக்டர் மாமி

மருத்துவப் பக்கம் மட்டும் சொல்கிறேன். அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனப் பாதிப்பும் அந்தப் பட்டியலில் உண்டு, வைத்தியம் எடுத்தது கோப்பில் இருக்கும். கதவை அடைப்பதற்கென்று கேட்பதில்லை. எப்போது, எவ்வளவு தீவிரம், இப்போது எப்படி என்று பார்ப்பார்கள். சட்டப் பக்கத்தை இங்கே பொதுவில் பேச வேண்டாம். படிவம் நிரப்புவதற்கு முன் ஒரு சொலிசிட்டரிடம் (வழக்கறிஞர்) போவது நல்லது.

மேட்டுக்காட்டான்

வெளிநாட்டுத் தீர்ப்புகளும், எவ்வளவு பழசானாலும், எழுத வேண்டும். இங்கே காலாவதியான தண்டனை என்ற பேச்சே இதில் கிடையாது. மூன்று வருடமும் அதற்கு மேலும் தண்டனை பெற்றவர் ஆயுளுக்கும் துப்பாக்கி தொட முடியாது.

சாட்சி சொல்ல இரண்டு பேர் வேண்டும். குறைந்தது இரண்டு வருடமாவது உன்னை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும், பிரிட்டனில் வசிக்க வேண்டும். மாமா மச்சான் ஆகாது, போலீஸ்காரர் ஆகாது, துப்பாக்கி வியாபாரியும் ஆகாது. ஈஸ்ட் ஹாம் நண்பர்கள் போதும், பயப்படாதே. கட்டணம் 2025 பிப்ரவரியில் 88 பவுண்டிலிருந்து 198 பவுண்டாக ஏறிவிட்டது. ஐந்து வருடத்துக்குச் செல்லும். காத்திருப்பு மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. சில இடத்தில் மாதக்கணக்கில் இழுக்கும், போனைப் போட்டு நச்சரிக்காதே.

அப்புறம் விசாரணை அதிகாரி வீட்டுக்கு வருவார். பூட்டிய இரும்புப் பெட்டி பிஎஸ் 7558 என்ற பிரிட்டிஷ் தரத்தில் செங்கல் சுவரில் போல்ட் போட்டு முறுக்கியிருக்க வேண்டும், வாசலிலிருந்து பார்த்தால் தெரியக் கூடாது. தோட்டாவுக்குத் தனிப் பூட்டு. சாவி எங்கே இருக்கிறது என்பது உன்னைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது. யாருக்கும் என்றால் வீட்டம்மாவுக்கும்தான். அதிகாரி அவர்களிடமே நேரே கேட்பார். பீரோ சாவியிலிருந்து கார் சாவி வரை எல்லாம் வீட்டம்மா கையில் இருக்கிற குடும்பங்களில் இதைச் சொல்லி ஒப்புக்கொள்ள வைப்பதுதான் லைசென்ஸிலேயே கஷ்டமான கட்டம்.

நடுநிசி நரி

"எலிசபெத் மகாராணி படம் போட்ட பிஸ்கட் டின்னுக்குள்" என்று என் மனைவி அதிகாரிக்கு விருந்தோம்பலோடு பதில் சொல்லாத குறைதான். நல்லவேளை என்னுடையது ஏர் ரைஃபிள்.

கீரைத்தோட்டம்

பண்ணைக்காரரிடம் ரைஃபிள் இருக்கிறது, சர்டிபிகேட்டும் இருக்கிறது. அது வரைக்கும் அவருடையதை வாங்கிச் சுட்டுப் பழகலாமா?

மேட்டுக்காட்டான்

பழகலாம். 17 வயதுக்கு மேற்பட்டவர் தனியார் நிலத்தில், ரைஃபிளுக்குரியவர் கூடவே இருக்கும்போது, அவருடைய சர்டிபிகேட் நிபந்தனைகளுக்கு உட்பட்டு இரவல் வாங்கிச் சுடச் சட்டம் இடம் தருகிறது. அவர் தேநீர் குடிக்க வீட்டுக்குள் போனால் ரைஃபிளும் கூடப் போக வேண்டும். இதுதான் உனக்கு முதல் பள்ளிக்கூடம். ஷூட்டிங் சங்கம் ஒன்றில் சேர்ந்தால் காப்பீடும் கிடைக்கும், சேர்ந்துவிடு.

வன்னியான்

சுட்ட முயலைச் சூட்டோட குடல் எடுத்துப்போடும். கண் வீங்கிச் சீழ் வடிஞ்சு நிண்டா அது மிக்சோ, கறிக்கு ஆகாது. நல்ல முயலெண்டா யாழ்ப்பாணத் தூள் போட்டு, ஆட்டுக்கறி மாதிரி இல்லாமல் கொஞ்ச நேரம் கூடவே அவியவிட வேணும். வயசான முயல் எண்டா இன்னும் நேரம். கொழுப்பே இல்லாத இறைச்சி, தேங்காய்ப்பால் கடைசியில.

கீரைத்தோட்டம்

எல்லோருக்கும் தகவல்: சர்டிபிகேட் வந்தது. .22 ஒன்று, மாடரேட்டர் ஒன்று, போலீஸ் ஒப்புக்கொண்ட நிலத்தில் மட்டும் என்ற நிபந்தனை. அதிகாரி வயலைச் சுற்றி நடந்து பார்த்தார், டிரெய்லர் மேலிருந்து சுடுவேன் என்றதும் குறித்துக்கொண்டார். ரூகர் வாங்கவில்லை, பழைய சிஇசட் 452 கிடைத்தது, மரை வெட்டியது. கடைக்காரர் சர்டிபிகேட்டில் எழுதித் தந்துவிட்டார். போலீசுக்கு நானும் தனியாகச் சொல்ல வேண்டுமா, அவர் சொன்னால் போதுமா?

மேட்டுக்காட்டான்

வாழ்த்துகள். இரண்டு பேருமே சொல்ல வேண்டும், ஏழு நாளைக்குள். ரைஃபிளின் வரிசை எண்ணைச் சர்டிபிகேட்டில் எழுதியதோடு ஒத்துப் பார்த்துவிட்டு அனுப்பு. கடைகளில் ஒரு இலக்கம் மாறி எழுதுவது நடக்கிற சங்கதிதான். சர்டிபிகேட் கைக்கு வந்ததும் மையில் கையெழுத்துப் போடச் சொல்லியிருப்பார்கள், போட்டாயா?

கீரைத்தோட்டம்

போடவில்லை. இதோ போடுகிறேன்.